மரகதவல்லியின் தவணைகள்

ஜூன் 3, திங்கள்

லோன் கிடையாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

பதினொரு வருடமாக வாடகை கொடுத்துக் குடியிருக்கிற வீட்டை விலைக்கு வாங்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். வீட்டுச் சொந்தக்காரருடைய மகன் கோயம்புத்தூரோடு தங்கிவிட்டான். வீட்டை விற்கிறேன், முதலில் உங்களைத்தான் கேட்கிறேன் என்றான். இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதியாயிற்று. செப்டம்பர் பதினைந்துக்குள் மீதியைக் கட்டாவிட்டால் வீடும் போகும், முன்பணமும் போகும்.

என் வீட்டுக்காரர் அழகர்சாமிக்கு லாரி ஷெட்டில் புக்கிங் வேலை. சம்பளச் சீட்டு என்கிற வழக்கமே அங்கே கிடையாது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு உண்டு. அதனால் லோன் என் பெயரில்தான் போட முடியும். லோன் பிரிவு ஸ்டான்லி சார் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“ஸ்கோர் ரொம்பக் கம்மியா இருக்கேம்மா. ஏற்கெனவே அஞ்சு லோன் வாங்கியிருக்கீங்க. ஒண்ணு ரெண்டு மாசமா கட்டல.”

“நானா? ஒரு மிக்ஸிகூட நான் தவணையில வாங்குனது இல்ல சார்.”

“ரிப்போர்ட்ல அப்படித்தாம்மா இருக்கு.”

அழகர் வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, “எனக்குத் தெரியாம ஏதாச்சும் வாங்கிருக்கியா மரகதம்?” என்று கேட்டார். அடுப்படிக்குப் போய்விட்டேன். இரவுச் சோறு குழைந்துவிட்டது. அப்படியே சாப்பிடட்டும்.

ஜூன் 5, புதன்

அந்த ரிப்போர்ட்டை நாமே இறக்கிப் பார்த்துக்கொள்ளலாமாம். வருடத்துக்கு ஒரு தடவை இலவசம். என்ன தாராளம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இறக்கினேன். பதினெட்டுப் பக்கம். பெயர் சி. மரகதவல்லி, பிறந்த தேதி, அப்பா பெயர் சின்னக்காளை, எல்லாம் சரி. இத்தனை வருடமாக யாரோ உட்கார்ந்து என்னைப் பற்றி எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் லேபில் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் ஊர் எது, வயது என்ன, டாக்டர் யார் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் குழாயில் சீட்டு ஒட்டுவேன். மாற்றி ஒட்டினால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவர்களை யார் எங்கே அனுப்புவது?

முகவரி என்று நான்கு போட்டிருந்தது. ஒன்று இந்த வீடு. பழைய முகவரி, பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதி.

தலைவலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

யார் அந்த ஆள் என்று அழகர் கேட்டார். அதே பெயரில் யாரோ இருப்பார்கள் என்றேன். துணி நிறைய சேர்ந்துவிட்டது, துவைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

மறுபடி வங்கி. ரிப்போர்ட் போடுகிற நிறுவனத்தில் புகார் செய்யுங்கள் என்றார் ஸ்டான்லி சார். அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டால் எண்ணை அழுத்து, எண்ணை அழுத்து என்று இருபது நிமிடம். கடைசியில் ஒரு பெண் எடுத்து, கடன் கொடுத்த கம்பெனி ஒத்துக்கொண்டால்தான் திருத்துவோம் என்றாள். கடன் கொடுத்த கம்பெனிக்குப் போட்டால், கடன் வாங்கியவர் அசல் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்கிறார்கள். கடன் வாங்கியது நான் இல்லை என்று சொல்லத்தானே கூப்பிட்டேன்?

ஸ்டான்லி சார் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். “ஆள்மாறாட்டம்னு ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்து, நகலை இணைச்சிருங்க. வேகமா முடியும்.”

அழகர் இப்போதே போவோம் என்று கிளம்பிவிட்டார். இந்த வாரம் எனக்கு லீவு கிடையாது என்றேன். அவர் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் போனை வாங்கிப் புகார்ப் படிவத்தைத் தானே நிரப்பினார். ஐந்து கடனுக்கும் எதிரே ‘இது என்னுடையது இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டு அனுப்பிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முப்பது நாளில் பதில் வருமாம்.

ஜூன் 16, ஞாயிறு

அழகர் கறிக்கடைக்குப் போன நேரத்தில் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை படித்தேன்.

2013, இரு சக்கர வாகனக் கடன். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். சைக்கிளிலேயே பயந்து பயந்து போவாள்.

2016, ஃப்ரிட்ஜ். 2018, நகைக் கடன், ஒரே வருடத்தில் மீட்டாயிற்று. 2020, மகளிர் குழுக் கடன், கொரோனா நேரம்.

2022, பள்ளிக் கட்டணக் கடன், இருபத்தெட்டாயிரம்.

முதல் தடவை படித்தபோது இதை எப்படி விட்டேன்? பள்ளிக் கட்டணம் என்றால் பிள்ளை இருக்கிறது.

ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதம் மாதமாகக் கட்டங்கள். எத்தனை நாள் தாமதம் என்று அதில் போடுவார்கள். பதினொரு வருடமாக எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. பள்ளிக் கடனின் கடைசி இரண்டு கட்டத்தில் மட்டும் முப்பது, அறுபது.

ஜூன் 24, திங்கள்

இந்த நோட்டிடமாவது ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பவளக்கொடி. என்னைவிட மூன்று வயது சின்னவள். 2003இல் எங்கள் கிணறு வற்றி, அப்பாவும் படுத்துவிட்டார். நான் பிளஸ் டூ முடித்து லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்துப் பணம் இல்லாமல் அழுதுகொண்டிருந்தேன். மில்லுக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்ட் வந்தார். பவளம் போகிறேன் என்றாள். அவளுக்குப் பதினைந்து வயது. பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்றார் அவர். “பெரிய புள்ள சர்டிபிகேட்டக் குடுத்து அனுப்புங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அக்கா பெயரில் தங்கை மில்லுக்குப் போவதை யாரும் தப்பாகவே நினைக்கவில்லை.

என் சர்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான். மூன்று வருட ஒப்பந்தம்தானே என்று நினைத்தேன். அவள் மரகதவல்லி ஆகி நூல் சுற்றினாள், நான் மரகதவல்லியாகவே இருந்து படித்தேன். மில்லில் அவளுக்கு வங்கிக் கணக்கு, பி.எஃப்., அட்டைகள் எல்லாம் அந்தப் பெயரிலேயே ஏறிவிட்டன. மூன்று வருடம் முடிந்தும் அவளால் அதைக் கழற்ற முடியவில்லை. அவள் பெயரில் அவளிடம் ஒரு காகிதமும் இல்லை.

2012இல் மில்லில் வேலை செய்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. எனக்கு ஒரே மகள்தான் என்று அப்பா ஊரைக் கூட்டிச் சொன்னார். அடுத்த வருடம் அழகர் வீட்டார் பெண் பார்க்க வந்தபோதும் அதையே சொன்னார். நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. அப்பா இறந்ததற்குக்கூட அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது என்பதையே இத்தனை நாள் சாக்காக வைத்திருந்தேன். இப்போது ஒரு கம்பெனி முகவரியோடு அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான், வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூலை 3, புதன்

காசு கட்டினால் மாதா மாதம் புது ரிப்போர்ட் தருகிறார்கள். கட்டினேன். கடைசிக் கட்டத்தில் தொண்ணூறு.

பதினொரு வருடம் தவறாதவளுக்கு என்ன ஆயிற்று? உடம்பு சரியில்லையா? அவள் வீட்டுக்காரருக்கு ஏதாவதா? இத்தனை பக்கம் எழுதுகிறவர்கள் அதை எழுதுவதில்லை.

ஜூலை 7, ஞாயிறு

ரிப்போர்ட்டில் இருந்த போன் எண்ணைக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

ஜூலை 11, வியாழன்

முப்பதாவது நாளான நேற்று பதில் வந்தது. கடன் கொடுத்த நிறுவனம் சரிபார்த்துவிட்டது, மாற்றம் ஏதும் இல்லை. ஒரே ஒரு வரி. அழகர் அதை வாசித்துவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தார்.

ஸ்டான்லி சாரிடம் கேட்டேன். “முப்பது நாள் தாண்டுனா நஷ்டஈடு குடுக்கணும்னு விதி இருக்கும்மா. அவங்கதான் தாண்டலையே” என்றார். நல்ல விதி. முப்பதாவது நாள் ஒரு வரி அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது. யாரைக் கேட்டுச் சரிபார்த்தீர்கள் என்று நான் கேட்க முடியாது. தப்பாக எழுதுகிறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, எழுதப்பட்டவள்தான் லீவு போட்டு அலைய வேண்டும். என்னைப் பற்றி எழுதும்போதே எனக்கு ஒரு தகவல் சொல்லியிருந்தால் 2013லேயே பவளம் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்திருக்கும். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. தெரிந்திருந்தாலும் அப்போது போயிருப்பேனா?

அழகர் என் அடையாள அட்டை நகலை வைத்து இரண்டாவது புகார் அனுப்பினார். இதில் மோசடி என்று ஒரு கட்டம் இருந்ததாம், அதையும் தொட்டாராம். புகாரைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று லேபிலிருந்து தேடினேன். அந்த இணையதளத்தில் இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். ரிப்போர்ட்டுக்காக மாதா மாதம் காசு போவதை அழகர் வங்கிக் கணக்கில் பார்த்துவிட்டார்.

“எதுக்கு இதையே திரும்பத் திரும்ப வாங்குற? வீடு வாங்கப் போறமா, இத வாங்கப் போறமா?”

சொல்லிவிட்டேன். மோர் கடைந்தபடியே சொன்னேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. சர்டிபிகேட், மில், கல்யாணம், காபித் தட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “பதினோரு வருசமா எனக்கு ஒரு மச்சினிச்சி இருக்கா” என்றார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பேசவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

பேசவில்லை. டிபன் பாக்ஸை மட்டும் கழுவி வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அந்த அட்ரஸ எழுதிக் குடு” என்றார். “பல்லடத்துக்கு நம்ம வண்டி தெனம் போகுது. முருகேசண்ணன விசாரிக்கச் சொல்றேன். சும்மா போயி பூட்டுன வீட்டுக்கு முன்னாடி நிக்காத.”

மூன்று முகவரியையும் எழுதிக் கொடுத்தேன். பின்கோடு தப்பாகிவிட்டது, அடித்து எழுதினேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மூன்றாவது முகவரியில் இருக்கிறாளாம். முருகேசண்ணன் பார்த்தே விட்டார். “ஒன்ன மாதிரியே நெத்தியாம்” என்றார் அழகர்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். என்ன வாங்கிப் போவது? அவளுக்கு அதிரசம் பிடிக்கும். பன்னிரண்டு வருடம் கழித்துப் போகிறவள் அதிரசத்தோடு போய் நிற்பதா? வாங்கினேன். வைத்துவிட்டேன். மறுபடி பையில் எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஒற்றை அறை, முன்னால் தகரக் கூரை. அவள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம். வெங்காயம் வேறு.

மார்ச்சில் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். நான்கு மாதம் மில்லுக்குப் போக முடியவில்லை. அவள் வீட்டுக்காரருடைய சம்பளம் வாடகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போயிற்று. அதனால்தான் தவணை நின்றது. அவளுக்குக் கொங்குப் பேச்சு நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“அதுக்கு முன்னாடி ஒரு தவணைகூட விட்டதில்லீங்க்கா. எல்லாம் உன் பேராச்சே. பசியோட கெடந்தாலும் தேதிக்குக் கட்டிருவேன். அக்கா பேர நாம கெடுத்தறக் கூடாதுன்னு இவருகிட்டச் சொல்லிட்டே இருப்பேன்.”

அந்தப் பூஜ்யங்களை எல்லாம் நான் எப்படிப் படித்தேன் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன்.

அவள் மகளுக்குப் பதினொரு வயது, பெயர் ஓவியா. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அம்மா பேரும் உங்க பேரும் ஒண்ணுங்களா பெரியம்மா?” என்று கேட்டது. பள்ளிக்கூடத்திலும் தாய் பெயர் மரகதவல்லி என்றுதான் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு பவளம் அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள். கடன் கொடுத்த கம்பெனி ஆள் இரண்டு தடவை வந்து போயிருக்கிறான். இந்த மரகதவல்லி போலி என்று புகார் வந்திருக்கிறதாம். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் அசல் சான்றிதழ்கள் காட்டாவிட்டால் போலீசுக்குப் போவார்களாம். போலீஸ் என்றால் மில்லுக்கும் தெரியும். இருபத்தோரு வருட வேலையும் பி.எஃப்.பும் போய்விடும்.

“நான்தான்டி அந்தப் புகார். நீன்னு தெரியாம போயிருச்சு” என்றேன். பாதி பொய். வெண்டைக்காய் நறுக்கியபோதே எனக்குத் தெரியும்.

“எனக்குத் தெரியும்க்கா. அந்த ஆளு காயிதத்தக் காட்டுனான். வீட்டு லோன் கேட்டுருக்காங்க, திண்டுக்கல்லுன்னு போட்டிருந்துச்சு.” அவள் சிரித்தாள். “மொதல்ல பயந்துதான் போனேன். அப்பறம் நெனச்சேன், அக்கா உசுரோட நல்லாருக்கா, வீடு வாங்கற அளவுக்கு வந்துட்டான்னு. அன்னிக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சு.”

மிச்ச வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துரு அக்கா” என்றாள். “ஆள்மாறாட்டம்தானே, நான் ஒத்துக்கறேன். உனக்கு வீடு வேணும். எனக்கு எங்காச்சும் கூலி வேலை கெடைக்கும்.” பதினைந்து வயதில் மில்லுக்குப் போகிறேன் என்று சொன்ன அதே குரல். அப்போது நான் சரி என்றேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அழகரும் நானும் பகல் முழுக்கப் பேசினோம். இரண்டு லட்சம் சும்மா வந்த பணம் இல்லை, ஆறு வருடச் சீட்டு. அவர் பேச்சை நிறுத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியைக் கழுவினார். வாங்கப்போவதில்லை என்று ஆன வீட்டின் தண்ணீர்த் தொட்டியை எதற்குக் கழுவுகிறார் என்று நான் கேட்கவில்லை.

இறங்கி வந்து, “அவ கல்யாணத்துக்கு நான் மொய் வைக்கல” என்றார். “மொத்தமா வச்சுட்டதா நெனச்சுக்கறேன்.”

செப்டம்பர் 9, திங்கள்

நாளை கெடு. லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனோம். ஸ்டான்லி சாரிடம் நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். நல்ல மனுஷன்.

“நாங்க ரெண்டு பேரு சார். ஒரு பேருக்குள்ள ரெண்டு பேரு. அவ கடன் அவளோடது, ஒழுங்கா கட்டிருவா. என்னோடத மட்டும் தனியாப் பிரிச்சு எழுதச் சொல்லுங்க. அத யாருகிட்டச் சொல்றது?”

“அதுக்கு எடமே இல்லம்மா. ஒண்ணு உங்க கடன், இல்லன்னா ஆள்மாறாட்டம். நடுவுல ஒண்ணும் கெடையாது. என்ன நடந்துச்சுன்னு கேக்க அங்க ஆளும் கெடையாது.”

“அப்ப என்னோடதுதான் சார். அஞ்சும் என்னோடதுதான்.”

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா. வீட்டு லோன் அவ்வளவுதான். இன்னும் ரெண்டு மூணு வருசத்துக்கு எங்கயும் கேக்க முடியாது.”

“யோசிச்சாச்சு சார்” என்றார் அழகர்.

அங்கிருந்து பவளத்துக்குக் கடன் கொடுத்த கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனோம். அவசரத்தில் தவறுதலாகப் புகார் செய்துவிட்டேன், கடன்கள் என்னுடையவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நின்றுபோன தவணைகளையும் கட்டினேன். ஒரு சான்றிதழ் கேட்கவில்லை, எந்தச் சரிபார்ப்பும் இல்லை. என்னுடையது இல்லை என்று சொல்ல மூன்று மாதம் அலைந்தேன். என்னுடையது என்று சொன்னதும் நான்கு நிமிடத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் நன்றி வேறு சொன்னாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வீட்டுச் சொந்தக்காரர் மகன் போன் செய்தான். வேறு ஆள் வந்துவிட்டதாம், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். முன்பணத்தைக் கேட்டுப் பார்த்தேன். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினான்.

அடுப்படிச் சுவரில் நான் அடித்த ஆணிகளைப் பிடுங்காமல் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். வலித்தது. ஒரு பாட்டம் அழுதேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பேகம்பூர் பக்கம் வாடகைக்கு வந்துவிட்டோம். முந்தையதைவிடச் சின்னது, வாடகை பெரியது. லாரி ஷெட்டிலிருந்து ஒரு மினி வேன் அனுப்பினார்கள்.

பவளம் வந்திருந்தாள், ஓவியாவோடு. கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். கேட்காமல் பாத்திர மூட்டையைப் பிரித்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அழகர் வேனிலிருந்து கட்டில் சட்டத்தை இறக்கியபடி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“பவளம், அந்தக் கதவக் கொஞ்சம் பிடிம்மா.”

அவள் திரும்பவில்லை. டம்ளர்களைத் துடைத்துத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

“பவளம்” என்றார் மறுபடி. ஓவியா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “யாருங்கம்மா பவளம்?” என்று கேட்டது.

நான் போய் அவள் தோளைத் தொட்டேன். “ஒன்னத்தான்டி கூப்பிடுறாரு.”

கையிலிருந்த டம்ளரை அலமாரியில் வைத்தாள். “ஆமால்ல” என்றாள். பிறகு வாசலுக்குப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.